மாமாவுக்கு அம்மா கொடுத்த மஜ்ஜை, இப்போது உடம்பெல்லாம் சிவப்பு: ஜிவிஹெச்டி (டோனார் செல்கள் நோயாளி உடம்பையே தாக்குவது) தெரிந்தவர்கள் சொல்லுங்க

கோபி மருமகன் | செவ்வாய், இரவு 9:10

எல்லாருக்கும் வணக்கமுங்க. என் தாய்மாமாவுக்கு ஏஎம்எல் வகை ரத்தப் புற்றுநோய். கீமோவில் நோய் அடங்கியதும் கோவையில் எலும்பு மஜ்ஜை மாற்று செய்தார்கள். டோனார் என் அம்மா. கூடப்பிறந்தவர்களில் அம்மாவுக்கு மட்டும்தான் பத்துக்குப் பத்து பொருந்தியது. ரத்த அணுக் கவுண்ட் ஏறி டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்கச் சொன்னதால் சரவணம்பட்டியில் வாடகை வீடு பிடித்துத் தங்கியிருக்கிறோம்.

நேற்று காலையில் உள்ளங்கையும் காது மடலும் சிவந்திருந்தன. எரிகிறது, லேசாக அரிக்கிறது என்றார். இன்று கழுத்து, நெஞ்சு, முதுகு என்று பரவிவிட்டது. மத்தியானத்திலிருந்து வயிற்றுப்போக்கு, பச்சையாகத் தண்ணீர் மாதிரி போகிறது. காய்ச்சல் இல்லை. ஊரிலிருந்து பார்க்க வந்த பெரியவர்கள், "பண்ணாரி குண்டம் நேரம், இது அம்மைதான், மாத்திரையெல்லாம் நிறுத்திவிட்டு வேப்பிலையில் படுக்க வை" என்கிறார்கள். ஓபி நாளை மறுநாள். அதுவரை பொறுக்கலாமா?

பின்னலாடை | இரவு 9:24

பொறுக்காதீங்க தம்பி. உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் அவசரத்துக்கு என்று ஒரு நம்பர் இருக்கும், இப்பவே அதற்கு அடித்துவிட்டுக் கிளம்புங்க. நானும் என் அண்ணன் கொடுத்த மஜ்ஜையில் ஓடிக்கொண்டிருப்பவன்தான், திருப்பூர். எனக்கும் உள்ளங்கையில்தான் ஆரம்பித்தது.

எதிர்ப்பை அடக்கும் மாத்திரை, சைக்ளோஸ்போரினோ டாக்ரோலிமஸோ, எது போடுகிறாரோ அதை நிறுத்தவே கூடாது. ஒன்று மட்டும் கவனம்: காலையில் ரத்தத்தில் மருந்தின் லெவல் பார்ப்பார்கள். அதற்கு மாத்திரை விழுங்குவதற்கு முந்தின ரத்தம்தான் வேண்டும். மாத்திரையைக் கையில் கொண்டு போங்க, ரத்தம் எடுத்தபின் போடச் சொல்லுவார்கள்.

சென்னிமலைத் தறி | இரவு 9:41

எங்கள் பக்கம் தோல் சிவந்தால் முதலில் அம்மை என்றுதான் பார்ப்போம், அதில் தப்பென்ன? உடம்பே சூடாகிக் கிடக்கிறது, அத்தனை கீமோ. வயிற்றுப்போக்கும் சூட்டினால்தான். ஒரு நாள் இளநீரும் மோரும் கொடுத்துப் பார்க்கலாமே. எடுத்ததற்கெல்லாம் ஆஸ்பத்திரி என்றால் காசு என்னத்துக்கு ஆகும்?

வார்டு சிஸ்டர் | இரவு 10:05

நான் பல வருடமாக மாற்று வார்டில் வேலை செய்கிறேன். அம்மை என்று சந்தேகப்படுவதைக் குறை சொல்ல மாட்டேன், இவர்களுக்கு அம்மை நிஜமாகவே வரலாம். சின்ன வயதில் வந்த அம்மைக் கிருமி நரம்பில் ஒளிந்திருக்கும், எதிர்ப்பு குறைந்த நேரத்தில் அக்கியாகக் கிளம்பும். அதற்காகத்தான் அசைக்ளோவிர் மாத்திரையை மாதக்கணக்கில் விடாமல் கொடுக்கிறோம். ஆனால் அம்மை என்றால் நீர் கோத்த கொப்புளம் இருக்கும். அக்கி பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கமாகப் பட்டை போல வரும். இவருக்கு உள்ளங்கை, காது, கழுத்து என்று வந்து, கூடவே பச்சையாக வயிறும் போகிறது என்றால் முதலில் நினைக்க வேண்டியது ஜிவிஹெச்டி. மருந்து அலர்ஜியாகவும் இருக்கலாம், கிருமியாகவும் இருக்கலாம். தோலில் கடுகளவு எடுத்துப் பயாப்சி பார்ப்பார்கள்.

எதுவாக இருந்தாலும் இன்றிரவே போக வேண்டியதுதான். அக்கி என்று தெரிந்தால்கூட காவி மண் எழுத எங்கும் கூட்டிப் போகாதீங்க. இளநீரும் வேண்டாம், தறிக்கார அண்ணா. வெட்டின காயில் கிருமி போக ஒரு நிமிடம் போதும்.

பவானி டீச்சர் | புதன், காலை 6:30

தம்பி இந்நேரம் போயிருப்பார் என்று நம்புகிறேன். இழையைப் படிக்கிறவர்களுக்காக, உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் எழுதுகிறேன். பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன், வீட்டிலும் ஒருவருக்கு இது வந்து போனது.

சிறுநீரகம் மாற்றினால், உடம்பு புது உறுப்பைத் தள்ளும். மஜ்ஜையில் கதை தலைகீழ். இங்கே மாற்றுவதே எதிர்ப்புச் சக்தியைத்தான். வேறொரு தோட்டத்தில் வளர்ந்த காவல் நாயைக் கொண்டுவந்து நம் கட்டுத்தறியில் கட்டினால், அது திருடனைப் பார்த்தும் குரைக்கும், நம்மைப் பார்த்தும் குரைக்கும். டோனாரின் டி செல்கள், அதாவது எதிர்ப்பு வேலை செய்யும் வெள்ளணுக்கள், அப்படித்தான். மிச்சமிருக்கும் புற்றுச் செல்லை அடிக்கும், தோலையும் குடலையும் கல்லீரலையும் சேர்த்தே அடிக்கும்.

இதற்கு மூன்று நிபந்தனை வேண்டும் என்று பில்லிங்ஹாம் என்ற விஞ்ஞானி 1966இல் எழுதிவைத்தார். கொடுத்ததில் எதிர்ப்புச் செல்கள் இருக்க வேண்டும். வாங்கினவர் உடம்பில் டோனாரிடம் இல்லாத திசு அடையாளங்கள் இருக்க வேண்டும். வந்த செல்களை விரட்டும் தெம்பு வாங்கினவருக்கு இருக்கக் கூடாது. இன்றைக்கும் மருத்துவர்கள் தடுக்கப் பார்ப்பது இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத்தான்.

ஏன் குடல் என்றால், மாற்றுக்கு முன் கொடுக்கும் கண்டிஷனிங் கீமோ குடலின் உள்தோலைப் புண்ணாக்கிவிடுகிறது. உள்ளே அடைந்து கிடந்த பாக்டீரியாக் கழிவுகள் ரத்தத்தில் கசிகின்றன. புண்பட்ட திசு டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1 போன்ற அபாய சமிக்ஞைகளைக் கொட்டுகிறது. புதிதாக வந்த டி செல்கள் கண் விழிப்பதே இந்தக் களேபரத்துக்குள்தான். கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளுக்கு ஜிவிஹெச்டி குறைவாக வந்ததை 1970களிலேயே பார்த்திருக்கிறார்கள்.

கோபி மருமகன் | புதன், இரவு 8:15

இரவே அட்மிட் ஆகிவிட்டோமுங்க. ஜிவிஹெச்டிதான் என்கிறார்கள். தோலில் பாதிக்கு மேல் சிவப்பு. கல்லீரலைக் காட்டும் பிலிருபின் 2.6, ஏறியிருக்கிறது. போகிறதை அளக்கச் சொன்னார்கள். கோடு போட்ட பிளாஸ்டிக் ஜக்கில் ஊற்றி, நேரத்தோடு சார்ட்டில் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு 1,200 மில்லி. அத்தைக்கு அந்த ஜக்கைப் பார்த்தாலே அழுகை வருகிறது, அதனால் நானே செய்கிறேன். ஸ்டீராய்டு ஊசி ஆரம்பித்துவிட்டார்கள், கிலோவுக்கு 2 மில்லிகிராம் கணக்கு.

இன்னொரு சங்கடம். அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். "என் ரத்தம் அவனுக்குச் சேரலையா? பத்துக்குப் பத்துன்னாங்களே" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். சின்ன மாமா கொடுத்திருந்தால் இது வந்திருக்காதோ என்று சொந்தத்தில் ஒருவர் வேறு கிளப்பிவிட்டார். யாராவது அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்க.

கோவை ரெசிடென்ட் | புதன், இரவு 11:20

ரத்தவியல் படிக்கிறேன். உங்கள் மாமாவை நான் பார்க்கவில்லை, பொதுவாகவே சொல்கிறேன்.

பத்துக்குப் பத்து என்பது திசு அடையாளத்தைத் தரும் ஹெச்எல்ஏ மரபணுக்களில் ஐந்து இடம், அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என்று பத்து. அவையெல்லாம் ஆறாவது குரோமோசோமில் இருக்கின்றன. ஒரே கருவில் உண்டான இரட்டையர் தவிர வேறு எந்த இரண்டு பேருக்கும் மீதி மரபணுக்கள் ஒன்றாக இருக்காது. அந்த மீதியிலிருந்து வரும் சின்னச் சின்னப் புரதத் துண்டுகளை டோனார் செல்கள் அந்நியம் என்று பார்த்துவிடும். முழுப் பொருத்தத்திலும் ஜிவிஹெச்டி வருவது இதனால்தான்.

பெண் கொடுத்து ஆண் வாங்கும்போது இன்னொன்று சேர்கிறது. ஒய் குரோமோசோம் உண்டாக்கும் புரதங்களைப் பெண்ணின் டி செல்கள் தம்முடையதாகப் பார்த்து வளரவில்லை. பிள்ளை பெற்றவர் என்றால், வயிற்றில் ஆண் குழந்தை இருந்தபோதே அந்தப் புரதங்கள் அறிமுகமாகியிருக்கலாம். இந்தக் கூட்டணியில், குறிப்பாக நாள்பட்ட ஜிவிஹெச்டிக்கு, வாய்ப்பு கூடுதல் என்பது உண்மை. ஆனால் சின்ன மாமாவுக்குப் பொருந்தவே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முழுப் பொருத்தமுள்ள கூடப்பிறந்தவர் ஒருவர் இருக்கும்போது, பெரும்பாலான மருத்துவர்கள் அவரைத்தான் கேட்பார்கள். அம்மா கொடுக்காமல் இருந்திருந்தால் அடுத்த வழி பாதிப் பொருத்தமோ, பதிவேட்டில் தேடுவதோ. அவற்றிலும் இதே ஆபத்து உண்டு. அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்க: மாமாவுக்குக் கவுண்ட் ஏறியதே அவர் செல்கள் சேர்ந்ததால்தான். அளவுக்கு மீறி வேலை செய்வதுதான் இப்போதைய பிரச்சினை.

1,200 மில்லி என்பது குடல் அளவில் இரண்டாம் நிலை. 1,500ஐத் தாண்டினால் மூன்று. அந்தச் சார்ட்டை அலட்சியமாக நினைக்காதீங்க, ரத்தப் பரிசோதனை அளவுக்கு அதற்கு மதிப்பு உண்டு. ஸ்டீராய்டுக்குக் கேட்கிறதா என்று சில நாளில் தெரிந்துவிடும். ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் அதிலேயே முழுதாக அடங்குகிறது.

அப்புறம், உங்களுக்கு வந்தது நல்ல காலமாகவும் இருக்கலாம். கொஞ்சம் ஜிவிஹெச்டி வந்தவர்களுக்குப் புற்று திரும்புவது குறைவு.

பின்னலாடை | வியாழன், காலை 7:02

டாக்டர் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. "கொஞ்சம் வந்தால் நல்லது" என்ற பேச்சை நான் படுக்கையில் கிடந்தபோது நிறையக் கேட்டேன். ஒரு இட்லியை விண்டு வாயில் வைத்தால் ரம்பம் அறுக்கிற மாதிரி இருக்கும், அப்போது வந்து "இது நல்ல அறிகுறி" என்பார்கள். புள்ளிவிவரத்தில் நல்லதாக இருக்கலாமுங்க. ஜக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பையனிடம் இரண்டாவது நாளே அதைச் சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து.

கோவை ரெசிடென்ட் | வியாழன், மதியம் 1:40

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அண்ணா. ஆனால் விஷயத்தை மறைக்கவும் முடியாது, ஏனென்றால் அடுத்து எடுக்கும் முடிவெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது. 1990இல் ஹொரோவிட்ஸ் என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் பல நோயாளிகளின் பெரிய தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்கள். அச்சு அசலான இரட்டையரிடம் மஜ்ஜை வாங்கியவர்களுக்கு ஜிவிஹெச்டி தொல்லை இல்லை, ஆனால் லுக்கீமியா (ரத்தப் புற்று) திரும்பியது அதிகம். டி செல்களை வடிகட்டிக் கொடுத்தாலும் அப்படியே. புற்றைப் பிடித்து வைத்திருப்பதில் கீமோவுக்கு மட்டுமல்ல, வந்த டி செல்களுக்கும் பெரும்பங்கு உண்டு என்று அதிலிருந்து புரிந்தது. அதனால்தான் நாங்கள் எதிர்ப்பை ஒரேயடியாக மிதித்து அழிப்பதில்லை. கடுமையான ஜிவிஹெச்டி வந்தால் யாருக்கும் லாபம் இல்லை, அது ஆளையே கொண்டுபோகும். அதையும் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும்.

பொள்ளாச்சி அம்மிணி | வியாழன், மதியம் 3:18

என் மகனுக்குத் தலசீமியா, பரம்பரையாக வரும் ரத்தசோகை. எங்களுக்கு இந்த "கொஞ்சம் நல்லது" கதையே கிடையாதுங்க. அழிக்க வேண்டிய புற்று எதுவும் இல்லை, ஜிவிஹெச்டி வந்தால் முழுக்க நட்டம்தான். அதனால் அவன் அக்காவிடமிருந்து கை நரம்பு வழியாக, ரத்தம் உண்டாக்கும் ஸ்டெம் செல் எடுக்காமல், இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையாகவே எடுத்தார்கள். நரம்பு வழி எடுப்பதில் டி செல் பல மடங்கு வருமாம், நாள்பட்ட ஜிவிஹெச்டியும் அதிகமாம். பாப்பாவுக்கு இடுப்பில் சில நாள் வலி இருந்தது, அவ்வளவுதான்.

எனக்கு ஒரு கேள்வி. நாங்கள் மாமன் மகளைக் கட்டிய குடும்பம். சொந்தத்தில் கட்டியதால்தான் பிள்ளைக்கு நோய் என்று பேச்சு வாங்கியாயிற்று. அதே சொந்தத்தால் பொருத்தம் சுலபமாகக் கிடைக்குமா? ஒரே கூட்டத்துக்காரர்கள் (குலத்தார்) பொருந்துவார்களா என்று என் மாமியார் கேட்கிறார்.

பவானி டீச்சர் | வியாழன், மாலை 6:45

கூட்டத்தை வைத்துத் தேடுவதில் பயனில்லை அம்மிணி. கூட்டம் அப்பா வழியில் மட்டும் வருவது. ஹெச்எல்ஏ அப்பாவிடம் பாதி, அம்மாவிடம் பாதி. அம்மா ஒவ்வொரு தலைமுறையிலும் வேறு கூட்டத்திலிருந்து வந்தவர்தானே. பத்துத் தலைமுறைக்கு முன் பிரிந்த பங்காளிக்கும் உங்களுக்கும் கூட்டப் பெயர் ஒன்றாக இருக்கும், ஆறாவது குரோமோசோமில் அநேகமாக ஒட்டுறவு இருக்காது.

ஆனால் சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் தேடும் வட்டத்தைப் பெரிதாக்கலாம் என்பது உண்மை. சாதாரணமாகக் கூடப்பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. பெற்றோரே சொந்தம் என்றால் அது கூடலாம், மாமன் அத்தை பிள்ளைகளிலும் சில சமயம் முழுப் பொருத்தம் அகப்படும். டாக்டர் கேட்டால் குடும்ப மரத்தை முழுதாக எழுதிக் கொடுங்க, முறை வெட்கப்பட்டு எதையும் மறைக்க வேண்டாம். சொந்தத்தில் யாரும் இல்லையென்றால் பதிவேடுகள் இருக்கின்றன. சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி அதில் ஒன்று. கன்னத்தின் உள்ளே பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும்.

வார்டு சிஸ்டர் | வியாழன், இரவு 9:30

சொந்தம் பற்றிப் பேச்சு வந்ததால் முக்கியமான ஒன்று. நம் பக்கம் ஆபரேஷன் என்றாலே மாமன் மச்சான் பங்காளி எல்லாம் வேன் பிடித்து ரத்தம் கொடுக்க வந்துவிடுவார்கள். மனசு நல்லதுதான். ஆனால் மாற்று செய்தவருக்கும் செய்யப் போகிறவருக்கும் சொந்தக்காரர் ரத்தம் ஆபத்து. மஜ்ஜை கொடுக்கப் போகிறவரே மாற்றுக்கு முன் ரத்தம் கொடுத்தால், நோயாளியின் உடம்பு அந்தச் செல்களை அடையாளம் வைத்துக்கொண்டு பின்னால் மஜ்ஜையைத் தள்ளிவிடலாம். இன்னொன்று, ஏற்றும் ரத்தத்தில் இருக்கும் டி செல்களே ஜிவிஹெச்டி உண்டாக்கலாம். கொடுப்பவருக்கு இரண்டு பக்கமும் ஒரே ஹெச்எல்ஏ இருந்து, வாங்குபவருக்கு அதில் ஒரு பாதி இருந்தால், வாங்குபவர் உடம்புக்கு அந்த ரத்தம் அந்நியமாகவே தெரியாது, விரட்டாது. ரத்தத்துக்கோ இவர் அந்நியம். சொந்தத்தில் கட்டும் ஊர்களில் இந்த அமைப்பு அதிகம். இப்படி வந்தால் புது மஜ்ஜையும் அடி வாங்கும், பிழைப்பவர்கள் வெகு அபூர்வம்.

அதனால்தான் ரத்தப் பையைக் கதிர்வீச்சு கொடுத்துத் தருகிறோம், 25 கிரே என்ற அளவில். டி செல்கள் பெருக முடியாமல் போய்விடும். பையில் அந்த ஸ்டிக்கர் இருக்கிறதா என்று நீங்களும் ஒரு தடவை பாருங்க. சொந்தக்காரர்கள் வரட்டும், கொடுக்கட்டும், அது பிளட் பேங்கில் வேறு யாருக்காவது போகட்டும்.

சென்னிமலைத் தறி | வெள்ளி, காலை 8:12

இவ்வளவு படித்ததில் எனக்குப் பட்டது, எதிர்ப்புச் சக்தியை இங்கிலீஷ் மருந்து போட்டு அமுக்கி, அப்புறம் கிருமி வந்துவிட்டது என்று இன்னொரு மருந்து. இயற்கையாகவே எதிர்ப்பைக் கூட்டினால் உடம்பு தானே சரி செய்துகொள்ளாதா? சீந்தில் கொடிக் கஷாயம் கொரோனா நேரத்தில் எங்கள் ஊரில் எல்லாரும் குடித்தோம். கெமிக்கல் இல்லை, மண்ணில் விளைந்தது.

பவானி டீச்சர் | வெள்ளி, காலை 9:55

அண்ணா, மண்ணில் விளைந்தது என்றால் அவர்கள் போடுகிற மாத்திரைக்கும் அந்தப் பெருமை உண்டுங்க. சைக்ளோஸ்போரின் நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து வந்தது. டாக்ரோலிமஸ் ஜப்பானில் சுகுபா மலையடிவார மண்ணிலிருந்த பாக்டீரியாவில் 1984இல் கண்டுபிடித்தது. சிரோலிமஸ் ஈஸ்டர் தீவு மண். மூன்றும் மண்ணுக்குள் கிடந்தவைதான்.

எதிர்ப்பைக் கூட்டுவது என்ற இடத்தில்தான் நாம் தடம் மாறுகிறோம். மாமாவுக்கு எதிர்ப்பு குறைவதால் தோல் உரியவில்லை. கட்டுப்பாடு இல்லாத எதிர்ப்பால் உரிகிறது. அதை இன்னும் தூண்டினால் என்ன ஆகும்? சீந்தில் குடித்த சிலருக்குக் கல்லீரல் வீங்கியதை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள், அதுவும் உடம்பு தன் கல்லீரலையே தாக்கும் மாதிரியான வீக்கம். நல்ல உடம்புக்காரர் குடிப்பதைப் பற்றி நான் பேசவில்லை. ஏற்கெனவே பிலிருபின் ஏறியிருக்கும் மனிதருக்கு வேண்டாம்.

உடம்பிலேயே கட்டுப்படுத்தும் செல்கள் உண்டு. 2025 மருத்துவ நோபல் மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும் இதற்குத்தான். மற்ற டி செல்களை அடக்கி வைக்கும் ஒரு தனி வகை இருப்பதை சகாகுச்சி 1995இல் காட்டினார். மற்ற இருவரும் 2001இல் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவைக் கண்டார்கள். அது பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்குக் கைக்குழந்தையிலேயே தோல் தடிப்பு, ஓயாத வயிற்றுப்போக்கு, சர்க்கரை நோய் என்று உடம்பு தன்னையே தாக்கும். அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டு ஜிவிஹெச்டி நாட்கள்தான் ஞாபகம் வந்தன. அந்த அடக்கும் செல்களுக்கு ட்ரெக் என்று பெயர்.

கோவை ரெசிடென்ட் | வெள்ளி, இரவு 10:48

டீச்சர் தொட்ட இடம்தான் இப்போது எங்கள் துறையில் சூடான இடம். சைக்ளோஸ்போரின் டி செல்லின் உள்ளே இன்டர்லூக்கின்-2 என்ற வளர்ச்சிச் சமிக்ஞை உண்டாவதைத் தடுக்கிறது. தாக்கும் செல் அதனால் பெருகாது. சங்கடம் என்னவென்றால், ட்ரெக் பிழைத்திருக்கவும் அதே இன்டர்லூக்கின்-2 தேவை. தாக்குபவர்களை அடக்கப் போய், அடக்குபவர்களையும் பட்டினி போடுகிறோம். சைக்ளோஸ்போரினோடு நாலு தவணை மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்தும் கொடுக்கும் முறை 1986இல் அமெரிக்காவின் சியாட்டிலில் நிலைபெற்றது, அது எத்தனையோ பேரைக் காப்பாற்றியது. மாமாவுக்கும் அநேகமாக அதுதான் கொடுத்திருப்பார்கள். ஆனால் பழைய மருந்துகள் எதிர்ப்பை மொத்தமாகக் குறைப்பவை, பழக்குபவை அல்ல.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வேறு மாதிரி யோசித்தார்கள். மஜ்ஜை ஏற்றியபின் ஒன்றுமே கொடுக்காமல் டி செல்களைக் கிளம்ப விட்டு, 3ஆம் நாளும் 4ஆம் நாளும் சைக்ளோஃபாஸ்பமைடு கீமோவைக் கொடுப்பது. அந்நியத்தைப் பார்த்து வெறியோடு பெருகும் செல்கள் அதில் அதிகம் அடிபடும். ட்ரெக் செல்களில் அந்த மருந்தை முறிக்கும் என்சைம் கூடுதலாக இருப்பதால் அவை தப்பும். ஸ்டெம் செல்களும் அதே காரணத்தால் தப்பும். பாதிப் பொருத்தத்தில், அதாவது அப்பாவோ பிள்ளையோ கொடுப்பதில், மாற்று பரவலாகச் செய்யத் துணிவு வந்தது இதற்குப் பிறகுதான். 2023இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், முழுப் பொருத்தத்திலும், மென்மையான கண்டிஷனிங்கில், பழைய டாக்ரோலிமஸ் மெத்தோட்ரெக்சேட் கூட்டை இது முந்தியது. நேரடியாக ட்ரெக் செல்களையே பிரித்து ஏற்றிப் பார்க்கும் வேலை இத்தாலியின் பெருஜியாவில் நடந்திருக்கிறது. நம் ஊர் வார்டுக்கு அது வர நாளாகும்.

கோபி மருமகன் | திங்கள், இரவு 9:05

தோல் கொஞ்சம் அடங்கியது. வயிறு அடங்கவில்லை. ஸ்டீராய்டு போதவில்லை என்று ருக்சோலிட்டினிப் மாத்திரை சேர்த்திருக்கிறார்கள். இதைப் பற்றி யாருக்காவது தெரியுமா? மாமாவுக்குச் சர்க்கரை 340, முகம் உப்பிவிட்டது, கட்டிலிலிருந்து எழக் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. அம்மா நேற்று வந்து பார்த்தார். நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன், "அப்போ என் செல்லுக்குக் கோபம் ஜாஸ்தி" என்று சொல்லிச் சிரித்தார். சாப்பிட்டார்.

கோவை ரெசிடென்ட் | திங்கள், இரவு 10:30

ருக்சோலிட்டினிப் முதலில் மஜ்ஜை தழும்பாகும் மைலோஃபைப்ரோசிஸ் நோய்க்கு வந்தது. ஜாக் என்ற சமிக்ஞைப் பாதையை அடைக்கும், சைட்டோகைன் எனும் பல சமிக்ஞைப் புரதங்களின் பேச்சு ஒரேயடியாகக் குறையும். ஸ்டீராய்டுக்கு அடங்காத ஜிவிஹெச்டிக்கு அமெரிக்காவில் 2019இல் அனுமதி கிடைத்தது. 2020இல் வெளியான ரீச்2 ஆய்வில் 28ஆம் நாளில் 62 சதவீதம் பேருக்குக் கேட்டது, மற்ற மருந்துகள் எடுத்தவர்களில் 39. கவுண்ட்டும் பிளேட்லெட்டும் இறங்கும், சிஎம்வி என்ற வைரஸ் தலைதூக்கும். அதற்காக ரத்தம் அடிக்கடி எடுப்பார்கள், சலிக்காதீங்க. தொடைத் தசை ஸ்டீராய்டால் இளைப்பதுதான் எழ முடியாததற்குக் காரணம். பிசியோ சொல்லும் உட்கார்ந்து எழும் பயிற்சியை இப்பவே ஆரம்பியுங்க.

பின்னலாடை | செவ்வாய், காலை 7:15

செலவுக்கு: ஆஸ்பத்திரிச் சமூகப் பணியாளரை முதலில் பாருங்க. முதலமைச்சர் காப்பீட்டில் இதற்கு மேல் ஏதாவது எடுக்க முடியுமா என்று அவருக்குத்தான் தெரியும். மாத்திரை அட்டையை எம்ஆர்பிக்கு வாங்காதீங்க, கேட்டால் குறைப்பார்கள்.

வார்டு சிஸ்டர் | செவ்வாய், மதியம் 2:20

வீடு திரும்பியபின் கோபிப் பக்கம் தோட்டத்துச் சாளைக்குத்தான் போவீர்கள் என்று நினைக்கிறேன், அதனால் சொல்லிவிடுகிறேன். தட்டுப்போர் பக்கம் அவர் போகவே கூடாது. நனைந்து காய்ந்த சோளத்தட்டைப் பிரித்தால் பறக்கும் தூசியில் அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை இருக்கும், ஸ்டீராய்டில் இருப்பவர் நுரையீரலில் அது பிடித்தால் கதை வேறு. மஞ்சள் அரைக்கிற மில், தென்னை மட்டை அடிக்கிற இடம், கோழிப்பண்ணை, கட்டுத்தறி எரு எல்லாம் அதே கணக்கு. குழம்பில் போடும் மஞ்சளுக்குப் பயம் இல்லை, வேகிறதே. தனியாக மஞ்சள் மாத்திரை, கேப்சூல் என்று எதுவும் வேண்டாம். பம்ளிமாஸ் பழம் வீட்டில் காய்த்தாலும் கொடுக்காதீங்க, சைக்ளோஸ்போரின் லெவலை அது ஏற்றிவிடும். வெயில் தோலில் பட்டால் அடங்கின ஜிவிஹெச்டி மறுபடி கிளம்பும். முழுக்கைச் சட்டை, தொப்பி.

பின்னலாடை | செவ்வாய், இரவு 8:50

அடுத்தது நாள்பட்டது. எனக்கு வந்தது, அதனால் எழுதுகிறேன். முன்பெல்லாம் நூறு நாளைக்கு மேல் வந்தால் நாள்பட்டது என்பார்களாம். இப்போது நாளைப் பார்ப்பதில்லை, குணத்தைப் பார்க்கிறார்கள். கண்ணில் மணல் கொட்டின மாதிரி இருக்கும். கண் ஓரத்தில் காகிதப் பட்டை வைத்து ஐந்து நிமிடத்தில் எவ்வளவு நனைகிறது என்று அளப்பார்கள், எனக்கு 5 மில்லிமீட்டர்கூட நனையவில்லை. வாய்க்குள் வெள்ளைக் கோடு கோடாக வரும், பல் தேய்க்கும் பேஸ்ட்கூட எரியும். கை மடக்க வராது. சட்டைப் பொத்தான் போட வீட்டுக்காரி வேண்டும்.

இவையெல்லாம் தெரியும். தெரியாமல் வருவது நுரையீரல். மாடி ஏறும்போது கொஞ்சம் மூச்சு வாங்கும், வயசாச்சு என்று விட்டுவிடுவோம். சின்ன மூச்சுக்குழாய்கள் தழும்பாகி அடைபடும், அடைபட்டது திரும்பாது. அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்த ஊதுகிற டெஸ்டை விடாதீங்க. மாமா நல்லா இருக்கேன் என்றுதான் சொல்லுவார். மாற்று முடிந்த ஆம்பளைகள் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்.

பொள்ளாச்சி அம்மிணி | புதன், காலை 10:00

தடுப்பூசிகளையும் மறக்காதீங்க தம்பி. குழந்தைக்குப் போட்டதெல்லாம் மறுபடி முதலிலிருந்து. தட்டம்மை மாதிரி உயிருள்ள ஊசி மட்டும் இரண்டு வருடம் கழிந்து, ஜிவிஹெச்டியும் இல்லை, மருந்தும் நிறுத்தியாச்சு என்றால்தான்.

கோபி மருமகன் | அடுத்த மாதம், ஞாயிறு மாலை 5:30

வீட்டுக்கு வந்துவிட்டோமுங்க. கோபிக்கு இல்லை, சரவணம்பட்டிக்குத்தான். போகிறது 200 மில்லிக்குக் கீழே, ஜக்கை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஸ்டீராய்டு மெல்லமாக இறங்குகிறது. அவசரப்பட்டுக் குறைத்தால் திரும்பும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு வேடிக்கை. மாமா ஓ பாசிட்டிவ், அம்மா பி பாசிட்டிவ். இனி மாமா கொஞ்சம் கொஞ்சமாக பி ஆகிவிடுவாராம். "பிறந்த நட்சத்திரத்தை மட்டுமாவது விட்டுவைப்பார்களா" என்று கேட்கிறார். என் தங்கச்சி மகளுக்கு ஆவணியில் காது குத்து, தாய்மாமன் சீர் வரிசையில் பெரியவர் இவர்தான். போகலாமா என்று யாரைக் கேட்பது?

வார்டு சிஸ்டர் | ஞாயிறு, இரவு 7:40

ரொம்ப சந்தோஷம். சீர்த் தட்டை வேறு யாராவது தூக்கட்டும், மண்டபக் கூட்டத்துக்கு இந்த ஆவணி வேண்டாம். ஸ்டீராய்டு எவ்வளவில் இருக்கிறது என்று பார்த்து டாக்டர்தான் முடிவு சொல்ல வேண்டும், ஆடியிலேயே கேட்டுவிடுங்க.

ரத்தக் குரூப் விஷயம் வேடிக்கை மட்டும் இல்லை. மாறுகிற காலத்தில் எந்தக் குரூப் ஏற்றுவது என்பது பிளட் பேங்க் கணக்கு. பழைய ரிப்போர்ட்டில் ஓ என்று இருக்கும், புதிதில் பி என்று வரும், இரண்டும் கலந்தும் காட்டும். ராத்திரியில் வேறு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் குழம்பிவிடுவார்கள். மாற்று நடந்த தேதி, அவர் குரூப், டோனார் குரூப், கதிர்வீச்சு செய்த ரத்தம் மட்டும், உங்கள் டாக்டர் நம்பர் ஆகிய ஐந்தும் எழுதி ஒரு அட்டை லேமினேட் செய்து மாமா பர்சிலும் அத்தை பர்சிலும் வையுங்க.

கோபி மருமகன் | ஞாயிறு, இரவு 8:02

சரிங்க சிஸ்டர். நாளைக்குக் கடை திறந்ததும் மூன்றாகப் போட்டுவிடுகிறேன், அம்மாவும் ஒன்று கேட்கிறார்.